கட்டியும் புற்றும்: மூளைக்கட்டிப் பரவலில் அண்டை உயிரணுக்களின் பங்கு பற்றிய கருத்து வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மூளைக்கட்டியின் வளர்ச்சியையும் பரவலையும் கட்டியின் உயிரணுக்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவற்றைச் சூழ்ந்துள்ள இயல்பான உயிரணுக்களுக்கும் அதில் பங்குண்டு. இக்கருத்துக்கான திசுச்சான்றுகள் 1938ஆம் ஆண்டிலேயே பதிவாகியிருந்தும், அது மருத்துவ ஆய்வின் மையத்திற்கு வர முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. இத்தாமதத்திற்குக் கருவிகளின் போதாமை முதற்காரணம். 'ஒட்டுப்பொருள்', 'கட்டி' போன்ற பெயர்கள் உருவாக்கிய மனப்படிமங்களும் அதற்குத் துணை நின்றன என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது. 1846 முதல் 2023 வரையிலான கருத்து வளர்ச்சி வரலாற்று முறையில் தொகுக்கப்படுகிறது. தமிழகத்து நரம்பறுவை மருத்துவத்தின் தொடக்ககால அனுபவமும், தாராபுரம் உள்ளிட்ட கொங்கு வட்டாரத்தின் வேளாண் சொல்வளமும் அறிவியல் தமிழ் மரபும் இதனோடு இணைத்து நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மூளைக்கட்டி, கிளையோமா, கிளியா உயிரணு, விதை – நிலக் கொள்கை, அண்டை உயிரணு, கலைச்சொல், கொங்கு நாடு, தாராபுரம்.

முன்னுரை

அமராவதி ஆற்றங்கரையில் அமைந்த தாராபுரம், பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, 1979இல் பெரியார் மாவட்டத்திலும் 2009இல் திருப்பூர் மாவட்டத்திலும் சேர்க்கப்பட்ட ஊராகும். மூளையில் கட்டி எனக் கண்டறியப்பட்ட ஒருவர் இவ்வூரிலிருந்து உயர் சிகிச்சைக்குக் கோவைக்கோ மதுரைக்கோ வேலூருக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியிருக்கிறது. அறுவை முடிந்ததும் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி எங்கும் ஒன்றுதான்: கட்டியை முழுவதும் எடுத்தாயிற்றா? இக்கேள்விக்குப் பின்னால் ஒரு படிமம் உள்ளது. கட்டி என்பது தனித்த ஒரு பொருள்; அதற்கு விளிம்பு உண்டு; அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது நலமான மூளை என்பதே அப்படிமம். மூளையுறையில் தோன்றும் மெனிஞ்சியோமா போன்ற கட்டிகள் பலவற்றுக்கு இது பெரிதும் பொருந்தும். மூளைத் திசுவிலேயே தோன்றிப் படரும் கிளையோமா வகைக் கட்டிகளுக்குப் பொருந்தாது.

கிளையோமாக்கள் மூளைக்கு வெளியே பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. மூளைக்குள்ளேயே தொலைவுவரை படர்வதுதான் அவற்றின் இயல்பு. அவற்றுள் கடுமையானது கிளையோபிளாஸ்டோமா. 2005இல் வெளியான ஐரோப்பிய – கனடியக் கூட்டாய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதங்கள்; அதனுடன் டெமோசோலோமைடு மருந்தும் பெற்றோருக்கு 14.6 மாதங்கள். கூடுதலாகக் கிடைத்தது இரண்டரை மாதம். கட்டியின் உயிரணுக்களை மட்டும் இலக்காகக் கொண்ட சிகிச்சையின் எல்லையை இவ்வெண்கள் காட்டுகின்றன. பரவலுக்கு வழிவிடும் அண்டை உயிரணுக்களை நோக்கி ஆய்வு திரும்பியதன் பின்னணியும் இதுவே. அத்திருப்பம் ஏன் இவ்வளவு காலந்தாழ்ந்து நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கலாகும்.

1. ஒட்டுப்பொருள் என்னும் பெயர்

மூளையில் நரம்பணுக்கள் தவிர வேறொரு பொருளும் உண்டு என்பதை ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ச்சோ 1846இல் சுட்டினார். 1856இல் அதற்கு 'நியூரோகிளியா' என்று பெயரிட்டார். கிளியா என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்பது பொருள். நரம்பணுக்களை ஒன்றுசேர்த்துத் தாங்கி நிற்கும் காரை போன்றது அப்பொருள் என்பதே விர்ச்சோவின் கருத்து. இப்பொருளிலிருந்து தோன்றும் கட்டிகளுக்குக் 'கிளையோமா' என்னும் பெயரும் 1860களில் கட்டிகள் குறித்து அவர் ஆற்றிய விரிவுரைகள் வழியாகவே நிலைபெற்றது.

பெயர் பொருளைச் சுட்டுவதோடு நிற்பதில்லை. அப்பொருளிடம் என்ன கேள்வி கேட்கலாம் என்பதையும் வரையறுத்துவிடுகிறது. சுவரின் செங்கல்லை ஆராய்பவர் இடையிலுள்ள சுண்ணச்சாந்து என்ன செய்கிறது என்று கேட்பதில்லை. கிளியாவுக்கும் இதுவே நேர்ந்தது. ஸ்பெயின் நாட்டின் ரமோன் இ கஹால் 1913இல் தங்கச் சாயமேற்றும் முறையால் விண்மீன் வடிவக் கிளியா உயிரணுக்களைத் தெளிவுறக் காட்டினார். அவருடைய மாணவர் பீயோ டெல் ரியோ ஓர்தேகா 1919இல் நுண்கிளியாவையும், அடுத்த சில ஆண்டுகளில் ஒலிகோடென்ட்ரோகிளியாவையும் தனி வகைகளாகப் பிரித்தறிந்தார். நுண்கிளியா இடம்பெயரக்கூடியது, காயமுற்ற இடத்தை நோக்கிச் செல்வது, சிதைவுகளை விழுங்குவது என்பனவும் அவரால் உணரப்பட்டன. ஆயினும் பசை என்ற பெயர் மாறவில்லை. கிளியாவைத் துணைப்பொருளாகக் காணும் நோக்கும் நெடுங்காலம் மாறவில்லை.

1926இல் பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் கிளையோமாக்களை வகைப்படுத்தியபோது, ஒவ்வொரு கட்டியின் உயிரணுவும் வளர்ச்சிப் படிநிலையில் எந்த இயல்பான உயிரணுவை ஒத்திருக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொண்டனர். மருத்துவத்திற்குப் பெரும்பயன் தந்த வகைப்பாடு அது. ஆனால் அது கேட்ட கேள்வி கட்டி எதிலிருந்து வந்தது என்பது. கட்டி எதன் நடுவே வாழ்கிறது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

2. விதையும் நிலமும்

அண்டை உயிரணுக்களைப் பற்றிய கேள்வி முதலில் எழுந்தது மூளையை ஆராய்ந்தவர்களிடம் அன்று. இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைத் தொகுத்து 1889இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். புற்றின் துகள்கள் குருதியில் எங்கும் சுற்றிவருகின்றன. ஆயினும் கல்லீரலில் அடிக்கடி முளைக்கும் புற்று, குருதியை மிகுதியாகப் பெறும் மண்ணீரலில் அரிதாகவே முளைக்கிறது. இது தற்செயலாக இருக்க முடியாது என்று அவர் வாதிட்டார். விதை எத்திசையில் வீசப்பட்டாலும் ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்பது அவர் எடுத்தாண்ட உவமை. இதற்கு முன்னோடியாக எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் கூறிய கருத்தையும் பேஜட் நன்றியுடன் சுட்டினார்.

இவ்வுவமை கொங்கு உழவர்க்குப் புதிதன்று. அமராவதிப் பாசனத்தில் நெல் விளையும் வயலும், மழையை நம்பிச் சோளமும் கம்பும் விதைக்கும் மானாவாரிக் காடும் தாராபுரம் வட்டாரத்தில் அருகருகே உள்ளன. ஒரே விதை இரு நிலங்களிலும் ஒரே விளைச்சலைத் தராது என்பதை எவரும் அங்கு விளக்க வேண்டியதில்லை. மருத்துவ உலகிலோ இவ்வுண்மை நீண்டகாலம் ஏற்கப்படவில்லை. அமெரிக்க நோயியலாளர் ஜேம்ஸ் யூவிங் 1928இல், புற்று எங்குப் பரவும் என்பதைக் குருதிக்குழாய்களின் அமைப்பே தீர்மானிக்கிறது என்று எழுதினார். வாய்க்கால் ஓடும் வழியே விதை சென்று தங்குகிறது என்னும் இவ்விளக்கம் எளிமையானது. அதனாலேயே பல பத்தாண்டுகள் செல்வாக்குடன் விளங்கியது. 1970களிலும் 1980களிலும் ஐசையா ஃபிட்லர் எலிகளில் நிகழ்த்திய ஆய்வுகளே பேஜட்டின் கருத்தை மீட்டெடுத்தன.

பேஜட்டின் உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. அதில் நிலம் அசையாது கிடக்கிறது. விதைக்கு ஏற்றதாகவோ ஏலாததாகவோ முன்னரே அமைந்துள்ளது. மூளையில் நிகழ்வது வேறு. அங்கு விதை நிலத்தைத் தனக்கேற்ப மாற்றுகிறது. நிலமும் விதையை மாற்றுகிறது.

3. விளிம்பைத் தேடிய அறுவையும் ஷேரரின் பதிவும்

கிளையோமாவுக்கு விளிம்பு இல்லை என்பதை அறுவை மருத்துவம் கசப்பான முறையில் கற்றது. பால்டிமோரின் வால்டர் டேண்டி, 1928இல் வெளியிட்ட கட்டுரையில், வலப்பக்கப் பெருமூளை அரைக்கோளம் முழுவதையும் கட்டியோடு அகற்றிய நேர்வுகளை விவரித்தார். ஏற்கெனவே உடலின் இடப்பக்கம் செயலிழந்திருந்த நோயாளிகளுக்கே இவ்வறுவை செய்யப்பட்டது. கட்டியை இதைவிட விரிவாக அகற்றுவது மனித உடலில் இயலாது. ஆயினும் நோய் திரும்பியது. கத்தி சென்ற எல்லைக்கு அப்பால் கட்டியின் உயிரணுக்கள் முன்னரே சென்றிருந்தன.

அவை எவ்வழியே சென்றன என்பதைக் காட்டியவர் ஹான்ஸ் யோக்கிம் ஷேரர். ஜெர்மனியிலிருந்து 1933இல் வெளியேறி பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் பணியாற்றிய அவர், சிறு துணுக்குகளை மட்டும் நோக்காமல் முழு மூளைகளின் வெட்டுகளையும் ஆராய்ந்தார். 1938இலும் 1940இலும் வெளியான கட்டுரைகளில், கிளையோமா உயிரணுக்கள் மனம்போன போக்கில் பரவுவதில்லை என்று அவர் காட்டினார். அவை நரம்பணுக்களைச் சுற்றித் திரள்கின்றன. குருதிக்குழாய்களின் வெளிப்புறத்தைப் பற்றிச் செல்கின்றன. வெண்பொருளின் நரம்பிழைகளினூடே நகர்கின்றன. மூளை மேற்பரப்பின் உறைக்கு அடியில் பரவுகின்றன. கட்டி உருவாக்கும் இவ்வடிவங்கள் மூளையின் இயல்பான அமைப்பைச் சார்ந்தே தோன்றுவதால் அவற்றை 'இரண்டாம்நிலை அமைப்புகள்' என்றார். இன்றும் நோயியலாளர்கள் ஷேரரின் பெயராலேயே இவற்றைச் சுட்டுகின்றனர்.

ஷேரரின் வாழ்வு பின்னர் இருண்ட பக்கத்திற்குத் திரும்பியது. போர்க்காலத்தில் ஜெர்மானியப் பணிக்குத் திரும்பிய அவர், பிரெஸ்லாவ் நகரில், நாஜி ஆட்சியின் கருணைக்கொலைத் திட்டத்தில் கொல்லப்பட்ட சிறார்களின் மூளைகளை ஆராய்ந்தார். அவர் காட்டிய சான்றின் மதிப்பையும் அவருடைய பிற்காலச் செயலின் குற்றத்தையும் மருத்துவ வரலாறு ஒருசேரப் பதிவு செய்ய வேண்டியுள்ளது.

பரவல் வழியை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய ஷேரரின் பதிவு, அண்டை உயிரணுக்களை வழியாக மட்டுமே கண்டது. அவை செயலற்ற பாதையா, அல்லது பரவலில் பங்கேற்கும் தரப்பா என்பதை இறந்த திசுவின் சாயமேற்றிய வெட்டுகளால் அறிய இயலாது. உயிருள்ள மூளையில் உயிரணுக்களைத் தொடர்ந்து நோக்கும் நுண்ணோக்கிகள் வரும்வரை இக்கேள்வி காத்திருந்தது.

4. தமிழகத்து அனுபவம்: காசநோய்க் கட்டி தந்த பாடம்

இந்தியாவில் நரம்பறுவை மருத்துவம் தனித்துறையாக வேரூன்றிய களம் தமிழகம். மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இத்துறையைத் தொடங்கினார். 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி பணியைத் தொடங்கினார். 1951இல் இந்திய நரம்பியல் கழகம் சென்னையில் உருவாயிற்று. 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது.

இம்மருத்துவர்கள் சந்தித்த மூளைக்கட்டிகளின் தொகுப்பு, மேலைநாட்டு நூல்கள் காட்டிய தொகுப்பிலிருந்து வேறுபட்டிருந்தது. மண்டையோட்டினுள் இடத்தை அடைத்து அழுத்தம் தரும் கட்டிகளுள் கணிசமானவை புற்றல்ல. காசநோயால் உண்டாகும் டியூபர்குலோமா என்னும் கட்டிகள். இவற்றைக் கண்டறியும் முறை குறித்து இராமமூர்த்தியும் வரதராஜனும் 1961இல் அமெரிக்க நரம்பறுவை இதழில் எழுதினர். 1965இல் பம்பாயைச் சேர்ந்த தஸ்தூரும் தேசாயும் 107 டியூபர்குலோமா நேர்வுகளை அதே எண்ணிக்கையிலான கிளையோமா நேர்வுகளோடு ஒப்பிட்டு 'பிரெய்ன்' இதழில் வெளியிட்டனர்.

இவ்விரு கட்டிகளின் ஒப்பீடு கருத்து வரலாற்று நோக்கிலும் பொருளுடையது. டியூபர்குலோமாவின் நிறையில் காசநோய்க் கிருமியின் பங்கு மிகச் சிறிது. பெருவிழுங்கணுக்கள், அவை இணைந்து உருவாகும் பேருருவ உயிரணுக்கள், நிணநீரணுக்கள், சுற்றிலும் வினையாற்றும் கிளியா ஆகிய உடலின் சொந்த உயிரணுக்களே கிருமியைச் சூழ்ந்து அக்கட்டியை எழுப்புகின்றன. கட்டி என்பது வந்த பகையின் உடல் மட்டுமன்று, இருக்கும் அண்டையரின் எதிர்வினையும் சேர்ந்தது என்பதை இந்திய நரம்பறுவை மருத்துவர்கள் அன்றாடம் கண்டனர். ஆயினும் இப்பாடம் கிளையோமாவுக்கு நீட்டிக்கப்படவில்லை. ஒன்று தொற்று, மற்றொன்று புற்று என்ற வகைப்பாட்டுச் சுவர் இரண்டையும் பிரித்தே வைத்திருந்தது. நோயாளிக்கு அது தேவையான பிரிவினையே. ஒன்றுக்குக் காசநோய் மருந்து உயிர் தரும், மற்றொன்றுக்குத் தராது. ஆனால் கிளையோபிளாஸ்டோமாவின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நுண்கிளியாவும் பெருவிழுங்கணுக்களுமாக இருக்கக்கூடும் என்பது பின்னர் அறியப்பட்டபோது, அச்சுவரின் இருபுறமும் ஒத்த கூறுகள் இருந்தமை புலனாயிற்று.

5. அண்டை உயிரணுக்களின் மூவகைப் பங்கு

5.1 நுண்கிளியா

காயத்தை நோக்கிச் சென்று தூய்மை செய்யும் நுண்கிளியா, கிளையோமாவைச் சூழ்ந்தும் திரள்கிறது. அது கட்டியை எதிர்க்கவே வருகிறது என்பதே தொடக்ககால எதிர்பார்ப்பு. பெர்லினில் ஹெல்முட் கெட்டன்மன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான படத்தைத் தந்தது. கிளையோமா உயிரணுக்கள் வெளியிடும் பொருள்கள் நுண்கிளியாவைத் தூண்டி, திசுக்களின் இடைப்பொருளைக் கரைக்கும் நொதியத்தை அதன் மேற்பரப்பில் உருவாக்கச் செய்கின்றன. வழியை வெட்டுவது நுண்கிளியா. அவ்வழியே நடப்பது கட்டி.

5.2 விண்மீன் உயிரணு

பிற உறுப்புகளிலிருந்து மூளைக்கு வரும் புற்றில் விண்மீன் உயிரணுக்களின் பங்கு தெளிவாகக் காணப்படுகிறது. நியூயார்க்கில் ஜோன் மசாகே குழுவினர் 2014இல் காட்டியபடி, வந்துசேரும் புற்றணுக்களுள் மிகப் பெரும்பாலானவற்றை விண்மீன் உயிரணுக்கள் பிளாஸ்மின் வழியாக அழிக்கச் செய்கின்றன. பிளாஸ்மினைத் தடுக்கும் புரதத்தைச் சுரக்கக் கற்ற சிலவே தப்பிக் குருதிக்குழாயைப் பற்றிப் படர்கின்றன. அதே குழுவின் 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி, தப்பிய புற்றணுக்கள் விண்மீன் உயிரணுக்களோடு நேரடி வாயில்களை ஏற்படுத்திக்கொண்டு, அவற்றைக் கொண்டே தம் வளர்ச்சிக்கும் மருந்தெதிர்ப்புக்கும் உதவும் பொருள்களைச் சுரக்கச் செய்கின்றன. அண்டையர் முதலில் காவலராகவும் பின்னர் துணைவராகவும் இயங்குவதை இவ்விரு ஆய்வுகளும் சேர்ந்து காட்டுகின்றன.

5.3 நரம்பணு

மிகுந்த வியப்பைத் தந்தது நரம்பணுவின் பங்கு. ஸ்டான்ஃபோர்டில் மிச்செல் மோன்ஜே ஆய்வகத்தைச் சேர்ந்த ஹம்சா வெங்கடேஷும் பிறரும் 2015இல், எலியின் மூளையில் நரம்பணுக்களை ஒளியால் தூண்டியபோது அங்கு வைக்கப்பட்ட மனிதக் கிளையோமா விரைந்து வளர்வதைக் கண்டனர். இயங்கும் நரம்பணுக்களின் சூழலில் வெளிப்படும் நியூரோலிஜின்-3 என்னும் புரதம் அதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அதே ஆண்டில் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள், கிளையோமா உயிரணுக்கள் நீண்ட நுண்குழல்களை நீட்டி ஒன்றோடொன்று பிணைந்து வலையமைப்பாக இயங்குவதையும், அப்பிணைப்பு கதிர்வீச்சைத் தாங்க உதவுவதையும் காட்டினர். மேலே அரிந்தாலும் மண்ணுக்குள் கிழங்குகளால் பிணைந்து மீண்டும் தழைக்கும் கோரையை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும்.

2019 செப்டம்பரில் நேச்சர் இதழில் மூன்று ஆய்வுகள் ஒருசேர வெளிவந்தன. ஸ்டான்ஃபோர்டின் ஹம்சா வெங்கடேஷ் குழுவும் ஹைடல்பெர்க்கின் வருண் வெங்கடரமணி குழுவும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருந்தன: நரம்பணுக்கள் கிளையோமா உயிரணுக்களோடு உண்மையான நரம்பிணைவுகளை உருவாக்குகின்றன, அவற்றின் வழியே குளூட்டமேட் குறிகை கட்டிக்குள் பாய்கிறது, அக்குறிகை கட்டியை வளர்க்கவும் படரவும் தூண்டுகிறது. மூன்றாவது ஆய்வு, மூளைக்குப் பரவிய மார்பகப் புற்றணுக்கள் நரம்பிணைவுகளை ஒட்டி நின்று குளூட்டமேட்டை உறிஞ்சிப் பயன்படுத்துவதைக் காட்டியது. வயலுக்குப் பாய்ச்சிய நீரும் உரமும் களைக்குச் செல்வதைப் போல, சிந்தனைக்கும் இயக்கத்திற்கும் உரிய குறிகைகள் கட்டிக்கு உணவாகின்றன. 2021இல் வெளியான மற்றோர் ஆய்வில், பார்வை நரம்புக் கிளையோமா தோன்றும் மரபுக்கூறு கொண்ட எலிகளைக் குறிப்பிட்ட வயதில் இருளில் வளர்த்தபோது கட்டி உருவாவது தடைப்பட்டது. ஒளி விழுவதால் எழும் நரம்பியக்கமே கட்டியின் தோற்றத்திற்குத் துணையாயிருந்தது.

இச்செய்தி எலிகளோடு நிற்கவில்லை. கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோவில் சரிதா கிருஷ்ணாவும் பிறரும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், கிளையோபிளாஸ்டோமா மூளையின் பிற பகுதிகளோடு செயல்நிலையில் மிகுதியாக இணைந்திருந்த நோயாளிகளின் வாழ்நாள் குறைவாகவும் மொழித்திறன் நலிந்தும் காணப்பட்டன.

6. சிகிச்சையின் புதிய திசையும் அதன் எல்லையும்

அண்டை உயிரணுக்களின் பங்கு தெளிந்ததும், அவற்றை நோக்கிய சிகிச்சைகள் முயலப்பட்டன. பெருவிழுங்கணுக்களின் வாழ்வுக்குத் தேவையான ஏற்பியைத் தடுக்கும் மருந்து எலிகளில் கிளையோமாவைச் சுருக்கியதாக 2013இல் அறிவிக்கப்பட்டது. அதே ஏற்பியை இலக்காகக் கொண்ட மற்றொரு மருந்து, நோய் திரும்பிய கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளிடம் தனித்துக் கொடுக்கப்பட்டபோது எதிர்பார்த்த பயன் தரவில்லை என 2016இல் பதிவாயிற்று. வலிப்புநோய்க்கு வழங்கப்படும் பெராம்பனல் என்னும் மருந்து, குளூட்டமேட் ஏற்பியைத் தடுப்பதால் கிளையோமாவுக்கு எதிராகவும் ஜெர்மனியில் சோதிக்கப்படுகிறது. இவை இன்னும் நடைமுறைச் சிகிச்சை ஆகவில்லை. அண்டை உயிரணுக்களைக் கட்டியைப் போல் அகற்றிவிட முடியாது, அவையே மூளை. அவற்றுக்கும் கட்டிக்கும் இடையிலான உறவை மட்டும் அறுக்க வேண்டும் என்பதே இத்துறையின் கடினம்.

இந்திய ஆய்வும் இத்திசையில் பங்களித்துள்ளது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் குமரவேல் சோமசுந்தரமும் தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தின் மருத்துவர்களும் இணைந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, கிளையோபிளாஸ்டோமாவின் போக்கை முன்னறிய 14 மரபணுக்களின் தொகுப்பை முன்வைத்தது. இடர் மிகுந்த பிரிவினரின் கட்டிகளில் நோய்த்தடுப்பு எதிர்வினை சார்ந்த வழிகள் மேலோங்கியிருந்தன என்பது அதன் குறிப்பிடத்தக்க முடிவு. நோய்த்தடுப்பு உயிரணுக்களும் கட்டியின் போக்கில் தொடர்புடையன என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது.

7. சொல்லும் பொருளும்: கொங்கு நாட்டு அறிவியல் தமிழ் நோக்கில்

விர்ச்சோ கிளியாவைச் சுட்டிய மறு ஆண்டாகிய 1847இல் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். அவர் ஆங்கில மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். 'இரண வைத்தியம்' முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அம்மரபின் இருபதாம் நூற்றாண்டுத் தொடர்ச்சியில் கொங்கு நாட்டின் பங்கு பெரிது. திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், ஈரோடு வட்டாரத்து மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. கோவையில் ஜி. ஆர். தாமோதரன் முன்னின்று நடத்திய கலைக்கதிர் இதழ் அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. இவ்விரு முயற்சிகளும் நடந்த காலம், மூளைக்கட்டியின் அண்டை உயிரணுக்கள் உலக மருத்துவத்திலேயே மையம் பெறாத காலம். அக்காலச் சொற்களை இன்றைய அறிவின் ஒளியில் மீளாய்வது அம்மரபின் தொடர்ச்சியே ஆகும்.

மூன்று சொற்கள் இங்குக் கருதத்தக்கன. முதலாவது, கிளியா. இதனைப் பசை, ஒட்டு என்னும் பொருள்படப் பெயர்த்தால் 1856ஆம் ஆண்டின் பிழைக்கருத்தும் உடன் வந்துசேரும். அதனால் ஒலிபெயர்த்த வடிவமாகிய கிளியாவே ஏற்புடையது. கிரேக்க மூலத்தின் பொருள் தமிழ் மாணவரின் கண்ணை மறைக்காது.

இரண்டாவது, ஊடுருவல். கட்டி அண்டைத் திசுவினுள் செல்வதைச் சுட்ட இச்சொல் பெருவழக்காக உள்ளது. பகைப்படை எல்லை தாண்டும் காட்சியை இது தருகிறது. உள்ளிருப்போர் எதிர்ப்பவர் அல்லது பாதிக்கப்படுபவர் என்றே எண்ணச் செய்கிறது. ஷேரர் கண்டதும் அவருக்குப் பின்வந்தோர் கண்டதும் பற்றிச் செல்லுதல். கொழுகொம்பையும் பந்தலையும் பற்றியே கொடி படரும். பற்ற இடமில்லாத கொடி தரையில் சுருண்டுவிடும். பாகலும் புடலும் பந்தலில் ஏறுவதைச் சுட்டும் 'படர்தல்' என்னும் சொல், பற்றும் பொருளையும் பற்றப்படும் பொருளையும் ஒருசேர நினைவூட்டுகிறது. 'படர்ச்சி' என்பதைக் கலைச்சொல்லாக்குவது இவ்வகையில் பொருந்தும்.

மூன்றாவது, கட்டி. இச்சொல் வழக்கிலிருந்து நீங்காது, நீக்கவும் வேண்டுவதில்லை. ஆனால் கிளையோமாவை விளக்கும்போது, தமிழ் ஏற்கெனவே வைத்திருக்கும் புற்று என்னும் சொல் கூடுதல் துணை செய்யும். அச்சொல் நோய்க்குப் பெயரான வரலாறு எதுவாயினும், செம்மண் காட்டில் கறையான் புற்றைக் கண்டவர்க்கு அது தரும் படிமம் தெளிவானது. கண்ணுக்குத் தெரியும் மேடு புற்றின் ஒரு பகுதி. எஞ்சியது மண்ணுக்குள் கிளைவழிகளாக நெடுந்தூரம் செல்கிறது. சுற்றியுள்ள மண்ணைக் கொண்டே அது கட்டப்பட்டிருக்கிறது. மேட்டை மண்வெட்டியால் இடித்தவர் புற்று ஒழிந்ததாகக் கருதுவதில்லை.

இவ்வேறுபாடு சொல்லாய்வோடு முடிவதன்று. 'கட்டியை எடுத்துவிட்டோம்' என்று மட்டும் கேட்டுத் திரும்பும் குடும்பத்திற்கு, பின்தொடரும் கதிர்வீச்சும் மருந்தும் தேவையற்ற செலவாகத் தோன்றக்கூடும். நோய் திரும்பும்போது அறுவையில் குறை நேர்ந்ததென்ற ஐயமும் எழக்கூடும். புற்றின் மேட்டை எடுத்தோம், மண்ணுக்குள் வழிகள் உள்ளன என்று கேட்ட குடும்பம் அடுத்த சிகிச்சையின் காரணத்தை உணரும். வலிப்போ பேச்சுத் தடுமாற்றமோ மீண்டும் தோன்றினால் காலந்தாழ்த்தாது மருத்துவமனையை நாடும். தாராபுரத்திலிருந்து கோவைக்கு ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் சென்றுவர வேண்டியவர்க்கு, எதற்காகச் செல்கிறோம் என்ற தெளிவு சிகிச்சையின் ஒரு பகுதியே.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

மூளைக்கட்டியின் பரவல் மூளையின் இயல்பான அமைப்பைச் சார்ந்தே நிகழ்கிறது என்பதற்கான சான்று 1938 – 1940 ஆண்டுகளிலேயே ஷேரரால் பதிவு செய்யப்பட்டது. அண்டை உயிரணுக்கள் பாதையாக மட்டுமன்றிப் பங்கேற்பாளராகவும் இயங்குகின்றன என்பது 2009 முதல் 2023 வரையிலான ஆய்வுகளால் உறுதிபெற்றது.

இடைப்பட்ட தாமதத்திற்கு உயிருள்ள மூளையை நோக்கும் கருவிகள் இல்லாமை முதன்மைக் காரணம். கிளியாவைப் பசையென்றும் கட்டியைத் தனிப்பொருளென்றும் காட்டிய பெயர்கள், கேட்கப்படவேண்டிய கேள்விகளைக் குறுக்கியது துணைக்காரணம்.

உடலின் சொந்த உயிரணுக்களே கட்டியை எழுப்பும் நிலையை இந்திய மருத்துவர்கள் டியூபர்குலோமாவில் முன்னரே கண்டிருந்தனர். நோய் வகைப்பாட்டின் பிரிவினையால் அவ்வறிவு கிளையோமா ஆய்வோடு இணையவில்லை.

அண்டை உயிரணுக்களை இலக்காகக் கொள்ளும் சிகிச்சைகள் தொடக்கநிலையில் உள்ளன. எலிகளில் கிடைத்த வெற்றி நோயாளிகளிடம் இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை.

கிளியாவை ஒலிபெயர்ப்பாகவே கொள்ளுதல், ஊடுருவலுக்குப் படர்ச்சியை ஆளுதல், கட்டியோடு புற்றின் படிமத்தையும் சேர்த்து விளக்குதல் ஆகியவை மருத்துவத் தமிழுக்குப் பயன்தரும். கொங்கு நாட்டில் வளர்ந்த அறிவியல் தமிழ் மரபு இப்பணிக்கு உரிய களமாகும். நோயாளியும் அவர் குடும்பத்தாரும் தம் மொழியிலேயே நோயின் இயல்பை அறிந்து சிகிச்சையைத் தொடர்வதற்கு இது வழிவகுக்கும்.